அறிவித்தலும் ஆள்சேர்த்தலும்

தான் கண்ட நலத்தைப் பிறர்க்கு எடுத்துரைத்தல் மக்கட்கு இயல்பு. வேனிற்காலத்தில் நன்னீர்க் கிணறு ஒன்றைக் கண்டான் ஒருவன், நாவறண்டு வரும் வழிப்போக்கனுக்கு அதனைக் காட்டாது செல்லான். அங்ஙனமே, தன் சமயத்தால் உள்ளம் அமைதியுற்றான் ஒருவன் அச்சமயத்தைத் தன் அயலானுக்குக் கூற விழைதலும் இயல்பேயாம், அது குற்றமாகாது. கிறித்து சமயத்தார் இவ்விழைவினைத் தம் கடமைகளுள் தலையாயதாகக் கொண்டிருக்கின்றனர். அக்கடமை எதனின்றும் தோன்றிற்று, எவ்விடத்தில் நெறி பிறழ்ந்தது, அதன்கட் சைவர் கடியவேண்டுவது யாது, கற்கவேண்டுவது யாது என்பன ஈண்டு ஆராயப்படும்.

மத்தேயு சுவிசேஷத்தின் இறுதி அதிகாரத்தில், ஏசுநாதர் தம் மாணாக்கரை நோக்கி, எல்லா இனத்தாரிடத்துஞ் சென்று அவர்களைச் சீடராக்குமாறும், ஞானஸ்நானங் கொடுத்துத் தாம் கற்பித்தவற்றைக் கற்பிக்குமாறும் பணித்தனரென்று சொல்லப்பட்டிருக்கின்றது. இக்கட்டளையே பாதிரிமார் கடல் கடந்து போந்ததற்கு அடிப்படையென்பது யாவரும் அறிந்தது. ஆயின், இக்கட்டளைக்கு எல்லாக் காலத்தும் ஒரே பொருள் கொள்ளப்பட்டதில்லை. அஃது அக்காலத்து அப்போஸ்தலர்க்கு மாத்திரம் உரியது, பின்வந்தாரைக் கட்டாது என்று கருதியோர் புரொட்டஸ்தாந்து சபையாருள்ளே பலர் இருந்தனர். 1792-இல் வில்லியம் கேரி என்பார் இங்கிலாந்தில் ஒரு நூல் வெளியிட்டு, அக்கருத்தை மறுத்து, அக்கட்டளை எக்காலத்துக் கிறித்தவரையும் கட்டுமென நிறுவ முயன்றனர். அதன்பின்னரே அந்நாட்டிலும் அமெரிக்காவிலும் மிஷன் சங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. 1810-இல் அமைந்த அமெரிக்கச் சங்கத்தின் பாதிரிமார் 1816-இல் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கினர். எனவே, இக்கட்டளையின் பொருளைக் குறித்துக் கிறித்தவர் தம்முள்ளேயே வழக்காடியது உண்மையாகலின், அதனை நிறைவேற்றும் முறையைக் குறித்துப் பிறர் வினாவுதல் மிகையாகாது.

இனி, சைவருட் சிலர், "எம் சமயத்தார் எவரையும் தம்பால் அழைத்ததில்லை, ஆகலின் பிறரும் எம்மை அழைத்தலாகாது" என்பர். இஃது உண்மைக்கு மாறுபட்ட கூற்று. சமயகுரவர் ஊர்தொறுஞ் சென்று பாடியது தம் செவிக்கு மட்டும் இன்பம் பயத்தற்கோ? சமணமும் பௌத்தமும் மேலோங்கிய காலத்தில், அந்நெறிகளைச் சார்ந்திருந்த மன்னரும் மக்களும் சிவநெறிக்கு மீண்டனரென்பது சைவர் பெருமிதத்தோடு சொல்லும் வரலாறன்றோ? அருணந்தி சிவாசாரியார் தம் சிவஞானசித்தியாரிற் பரபக்கம் என ஒரு பகுதியையே வகுத்துப் பிற மதங்களை எடுத்து மறுத்தனர். வழிபாட்டின் முடிவிற் சைவர் ஓதும் வாழ்த்துத்தானும் தம் நெறி எவ்விடத்தும் பரவுதலையே வேண்டுகின்றது. ஆகவே, தன் சமயத்தை அறிவித்தலையே குற்றமென்பார் தம் ஆசிரியரையுங் குற்றஞ்சாட்டியவராவர். வழக்கு அதன்மேலதன்று.

அற்றேல், வழக்கு எதன்மேலது எனின், கூறுதும். அறிவித்தல் வேறு, ஆள்சேர்த்தல் வேறு. அறிவிப்போன் தன் பொருளைக் கேட்போன்முன் வைத்து, கொள்ளுதலையும் தள்ளுதலையும் அவனுடைய அறிவிற்கே விட்டு நீங்குவான். ஆள்சேர்ப்போன் அப்பொருளோடு வேறொன்றையுஞ் சேர்த்து வைப்பான். அவ்வேறொன்று சோறாகலாம், கல்வியாகலாம், உத்தியோகமாகலாம், நோய்க்கு மருந்தாகலாம், நரகத்தின் அச்சமாகலாம். முன்னவன் நோக்குவது கேட்போனுடைய உயிரை. பின்னவன் நோக்குவது தன் சபையின் எண்ணிக்கையை. துலாக்கோலின் ஒரு தட்டில் விரலை வைத்து அழுத்திக்கொண்டு, "நிறை பாரீர்" என்று சொல்லும் வணிகனை எவரும் நேர்மையாளனென்று கூறார். சமயத்துறையில் மட்டும் அச்செயல் நேர்மையாவது யாங்ஙனம்?

இதற்கு யாழ்ப்பாண வரலாறு தக்கதோர் எடுத்துக்காட்டாம். அமெரிக்கப் பாதிரிமார் அந்நாட்டில் ஊர்தொறும் பாடசாலைகளை அமைத்தனர்; சிறுவர்க்கு உணவும் உடையும் உறையுளும் நல்கும் விடுதிப் பள்ளிகளையும் நடத்தினர். 1823-இல் வட்டுக்கோட்டையில் உயர்கல்விக்கென ஒரு செமினரியை நிறுவினர். டானியல் பூர் என்பார் அதன் முதல் தலைவர். கணிதம், வானநூல், ஆங்கிலம், தமிழ் முதலியன அங்கே செவ்வையாகக் கற்பிக்கப்பட்டன. அக்காலத்து ஆசியாக் கண்டத்தில் அதற்கொப்பான கல்விக்கூடங்கள் மிகச் சிலவே. 1857-இற் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாய் விளங்கிய தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் அங்கே பயின்றோரே. இவ்வுண்மைகளை மறைத்தல் சைவர்க்கு அழகன்று.

ஆயின், அச்செமினரி என் ஆயிற்று? 1855-இல் அமெரிக்கச் சங்கத்தின் செயலராகிய ரூபஸ் அண்டர்சன் முதலியோர் தூதுக்குழுவாக யாழ்ப்பாணம் போந்து, மிஷன் வேலைகளை ஆராய்ந்தனர். செமினரியில் ஆங்கிலங் கற்றோருட் பலர் அரசாங்க உத்தியோகங்களை நாடிச் சென்றனர். சபை ஊழியத்திற்கு வந்தோர் சிலரே. மிஷனின் நோக்கம் சபைகளை நாட்டுதலேயன்றிக் கல்வி பரப்புதலன்று என்பது அண்டர்சன் கொள்கை. ஆகவே, அவ்வாண்டிலேயே செமினரி மூடப்பட்டது. கல்வி குறைபட்டதனால் அது மூடப்பட்டதன்று. மாணாக்கர் வாராமையால் மூடப்பட்டதுமன்று. கருதிய அளவில் ஆள் தாராமையே அதன்மேற் சாட்டப்பட்ட குற்றம். பின்னர் 1872-இல் அவ்விடத்திலேயே யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. அதனை வேண்டி முன்னின்றோர் அந்நாட்டுக் கிறித்தவரே. கல்வியின் அருமை மண்ணின் மக்களுக்குத் தெரிந்திருந்தது. கடல் கடந்த சங்கத்தாருக்கோ அது கருவியாகவே தோன்றிற்று.

அண்டர்சன் நேர்மையானவர். தம் சங்கத்தின் உள்ளக்கிடக்கையை மறையாது வெளியிட்டார். ஆனால் அவர் செயல் மிஷனாரை ஓர் இருதலைக் கொள்ளியிடையே நிறுத்திவிட்டது. செமினரி அன்பினால் எழுந்ததாயின், மாணாக்கர் சபையிற் சேராமைபற்றி அதனை மூடியது ஏன்? அன்பு பயன் நோக்கிக் கதவடைப்பதில்லை. அன்றிச் சபைக்கு ஆள்சேர்க்கவே எழுந்ததாயின், அதனை அன்பின் தொண்டென்று ஏழை மக்களுக்குக் காட்டியது ஏன்? இவ்விரண்டனுள் ஒன்றை உடன்பட்டே தீர்தல் வேண்டும். தூண்டிலில் மாட்டிய இரையும் மீனுக்கு உணவுதான். ஆயினும் அதனை இட்டவனை வள்ளலென்று எவரும் கூறார்.

"நோக்கம் எதுவாயினும் ஆகுக, விளைந்தது நன்மையன்றோ?" எனின், நன்மையே, அந்நன்மைக்குத் தமிழர் என்றும் நன்றி பாராட்டற்பாலர். உவின்சிலோ ஐயர் பெயரால் 1862-இல் வெளிவந்த பெரிய தமிழ்-ஆங்கில அகராதியைச் சைவப்புலவரும் கையாண்டனர். மானிப்பாயில் மருத்துவர் கிரீன் என்பார் மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கி, தமிழ் மொழியிலேயே மாணாக்கரைப் பயிற்றி மருத்துவராக்கினர். அது தமிழ்மொழிக்குச் செய்த பெருந்தொண்டு. செமினரியின் தலைவராயிருந்த ஹொய்சிங்டன் என்பார் சிவஞானபோதத்தையும் சிவப்பிரகாசத்தையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1854-இல் வெளியிட்டனர். இவற்றை மறத்தல் நன்றி கொல்லுதலாம். ஆயின், நன்றியென்பது ஒன்று, சமய உடன்பாடென்பது வேறொன்று. மருந்து கொடுத்தானுக்கு நோயாளி கடன்பட்டது உண்மை. அக்கடனைத் தன் கடவுளைக் கொடுத்துத் தீர்த்தல் வேண்டுமென்பது எந்நாட்டு நீதி?

இனி, அக்காலத்து விடுதிச் சிறுவர்க்கு நேர்ந்த மற்றொன்றும் நினைத்தற்பாலது. அமெரிக்காவில் ஒருவர் ஒரு சிறுவனுடைய செலவை ஏற்றுக்கொண்டால், அவர் விரும்பிய பெயர் அச்சிறுவனுக்கு இடப்படும். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை முதலிய பெயர்களில் இன்றும் அவ்வடையாளம் காணப்படுகின்றது. தாய் தந்தையர் சிவநாமமாக இட்ட பெயர்க்கு முன்னே, கடலுக்கு அப்பால் உள்ள கொடையாளியின் விருப்பப்பெயர் வந்து அமர்ந்துகொண்டது. சோறு கொடுத்தான் பெயருங் கொடுத்தான். பெயர் கொடுத்தான் சமயமுங் கொடுக்க முற்பட்டான். பத்து வயதுச் சிறுவன் இவற்றுள் எதனைக் கொண்டான், எதனைத் தள்ளினான் என்று எவரால் வரையறுத்துக் கூறல் இயலும்? ஆராய்ந்து கொள்ளாத சமயம் ஒருவனுக்கு உடையாமேயன்றி உயிராகாது.

இம்முறையை ஏசுநாதரே உடன்படுவரோ என்பதை அவர் சுவிசேஷங்களைக் கொண்டே ஆராய்க. பாலைநிலத்தில் அவர் பசித்திருந்தபோது, கற்களை அப்பமாக்குமாறு சாத்தான் தூண்ட, அவர் அதனை மறுத்தனரென்று மத்தேயு கூறுவர். அப்பம் உண்டு வயிறு நிரம்பினமையால் தம்மைத் தேடிவந்த கூட்டத்தாரை அவர் அதுபற்றியே கடிந்துரைத்தனரென்று யோவான் கூறுவர். மாணாக்கரை ஊர்களுக்கு அனுப்பும்போது பொன்னும் வெள்ளியுங் கொண்டு செல்லாதீர் எனவும், ஏற்றுக்கொள்ளாத ஊரைவிட்டு நீங்குமின் எனவும் அவர் பணித்தனர். பரிசேயர் தம் மதத்திற்கு ஒருவனைச் சேர்த்தற்குக் கடலையும் நிலத்தையுஞ் சுற்றித் திரிந்து, சேர்ந்தபின் அவனைத் தம்மினும் இருமடங்கு கெட்டவனாக்குகின்றனரென்று கடிந்தவரும் அவரே. பேதுருவின் நிருபமோ, நம்பிக்கைக்குக் காரணம் வினாவுவோர்க்குச் சாந்தத்தோடு விடைகூற ஆயத்தமாயிருத்தலையே கற்பிக்கின்றது. வினாவினார்க்கு விடை, ஏற்காதாரிடத்தினின்றும் நீங்குதல், பொன்னின்றிச் செல்லுதல். இவையே அவர் நூல் காட்டும் நெறியாயின், பொன்னொடு சென்று, வினாவாதாரை விடாது தொடர்ந்து, ஏற்காதாரை இகழ்ந்தெழுதிய அக்காலத்து மிஷன் முறை, சைவத்திற்கு முன்னரே கிறித்துவின் நூலுக்கு மாறுபட்டதாம்.

அங்ஙனம் மாறுபட்டது எதனால்? பாதிரிமார் எல்லாரும் தீயரென்பதனாலன்று. அவருட் பலர் தம் நாட்டையும் சுற்றத்தையும் விட்டு வந்து, மனைவியரையும் மக்களையும் வெப்பநாட்டு நோய்களுக்குப் பறிகொடுத்தும் தம் வேலையை விடாதவர். குற்றம் அவர் உள்ளத்திலன்று, அவர் கொண்ட சித்தாந்தத்தில் உள்ளது. உயிர்க்குப் பிறவி ஒன்றே, இறப்பின்பின் மீட்சியில்லாத நரகம், அதனைத் தப்புதற்கு வழி ஒன்றே என்று கொண்டான் ஒருவனுக்கு ஒவ்வொரு நாளும் பெருந்தீப் பற்றிய வீடாகவே தோன்றும். தீப்பற்றிய வீட்டிலுள்ளானை எழுப்புவோன் கதவைத் தட்டி விடைக்குக் காத்திரான், உடைத்தே புகுவான். சோற்றைக் காட்டியாயினும், அச்சத்தைக் காட்டியாயினும் வெளிக்கொணர்தலே அன்பு என்று அவனுக்குப் படும். இவ்வவசரமே நன்மக்களையும் நெறியல்லா நெறியிற் செலுத்திற்று.

சைவசித்தாந்தமோ இவ்வவசரத்தை உடன்படுவதன்று. உயிர் அநாதியானது, அதனைப் பற்றிய ஆணவமும் அநாதியானது. அம்மலம் பரிபாகமுறுதற்பொருட்டே இறைவன் பல பிறவிகளைக் கூட்டுகின்றனன். இருவினையொப்பும் மலபரிபாகமும் வந்துழிச் சத்திநிபாதம் நிகழும். அதுவும் மந்ததரம் முதலாக நால்வகைப்படும். அவ்வவ்வுயிரின் பக்குவத்திற்கேற்பச் சரியை, கிரியை, யோகம், ஞானம் என நெறியும் நான்காயிற்று. யார் எத்தெய்வத்தை அன்பொடு வழிபடினும் அவ்வழிபாட்டைச் சிவபெருமானே ஏற்றுப் பயனளிப்பன் என்பதும் சித்தாந்தத் துணிபு. காய் கனிதற்குக் காலம் உண்டு. அடித்துப் பழுக்கவைத்தது நிறம் மாறுமேயன்றிச் சுவை பெறாது. ஆகலின், ஓர் உயிரைச் சமயமாற்றத்தினால் ஒரு நாளில் மீட்டுவிட்டதாகக் கணக்கெழுதுதலும், மாறாத உயிரை என்றும் எரிநரகிற்கு உரித்தாக்குதலும் சித்தாந்திக்கு ஒவ்வா. தந்தை தன் குழந்தைகளுள் பாடம் பிழைத்தவனை மறுநாளும் பள்ளிக்கு அனுப்புவானேயன்றி, முதல்நாட் பிழைக்கே என்றும் தீயிலிடான். மக்கட் டந்தைக்குள்ள இரக்கம் இறைவனுக்கு இல்லையென்று கூறும் சமயத்தை அச்சத்தினாற் பரப்பலாம். அன்பினாற் பரப்புதல் அரிது.

இக்கண்டனம் சைவர் பொறாமையினாற் கூறுவதென்று முற்காலத்திற் பாதிரிமார் தள்ளினர். இக்காலத்திலோ கிறித்தவ சபைகளே இதனை உடன்படுகின்றன. 1910-இல் எடின்பரோ நகரிற் கூடிய உலக மிஷன் மாநாட்டில், திருநெல்வேலித் தமிழராகிய அசரியா என்பார் எழுந்து, மேனாட்டு மிஷனாரின் ஈகையையும் தியாகத்தையும் பாராட்டி, ஆயினும் இந்தியர் அவரிடத்து வேண்டுவது நட்பே என்று முறையிட்டனர். ஈவோன் உயர்ந்தோனாகவும் ஏற்போன் தாழ்ந்தோனாகவும் நிற்கும் வரையிற் பகிர்தலென்னுஞ் சொல் பொருளற்றது என்பதே அம்முறையீட்டின் கருத்து. 1965-இல் ரோமாபுரியில் நிறைவுற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கம், பிற சமயங்களில் உள்ள உண்மையையும் தூய்மையையும் கத்தோலிக்க சபை தள்ளுவதில்லை என்று அறிவித்தது. எவரையும் வற்புறுத்தியோ தகாத வழிகளால் ஈர்த்தோ சமயத்திற் சேர்த்தலாகாதென விலக்கியுங் கூறியது. 2011-இற் கத்தோலிக்கரும் உலகத் திருச்சபைகள் மன்றத்தாரும் உலக இவாஞ்சலிக்கக் கூட்டணியாரும் ஒருங்குசேர்ந்து வெளியிட்ட அறிக்கையும், வஞ்சனையையும் ஆசைகாட்டுதலையும் அறிவித்தலினின்றும் விலக்கிற்று. விலக்குதற்கு ஒன்று இருந்தமையாலன்றோ விலக்கினர்? ஆகவே, நாவலர் காலத்துச் சைவர் கூறியது அவதூறன்று, உண்மையே என்பது இன்று இருதிறத்தார்க்கும் ஒப்ப முடிந்தது. இவ்வறிக்கைகள் ஏட்டளவில் நில்லாது, தெருமுனையிலும் நோயாளியின் கட்டிலருகிலும் கடைப்பிடிக்கப்படுதலே இனி வேண்டப்படுவது.

இவ்விடத்திற் சிலர், "சட்டத்தினால் இதனைத் தடுத்துவிடலாமே" என்பர். இந்திய அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு சமயத்தைப் பரப்பும் உரிமையை எல்லார்க்கும் அளித்திருக்கின்றது. அவ்வுரிமை பிறனொருவனை மதம் மாற்றும் உரிமையாகாதென உச்சநீதிமன்றம் 1977-இல் தீர்ப்புக் கூறிற்று. தமிழ்நாட்டில் 2002-இற் கட்டாய மதமாற்றத் தடைச்சட்டம் கொண்டுவரப்பட்டு 2004-இல் நீக்கப்பட்டது. வன்முறையையும் வஞ்சனையையும் தடுத்தல் அரசின் கடன், அதனை மறுப்பாரில்லை. ஆயின், ஒரு சமயம் தன் உயிரைச் சட்டத்தினிடத்து அடைக்கலமாக வைப்பது அச்சமயத்திற்குப் பெருமையன்று. காவற்காரன் கோலினாற் கோயிலின் வாயிலைக் காக்கலாம். அடியார் நெஞ்சினைக் காத்தல் இயலாது. மேலும், பேசுவான் வாயை அடைக்கும் சட்டம் இன்று அயலான் வாயை அடைப்பின், நாளை சைவப் பிரசாரகன் வாயையும் அடைக்கும்.

இனி, சைவர் தம்மையே நோக்கவேண்டிய இடம் வந்தது. பாதிரியாருக்கு அவசரம் நோயாயிற்றென்று மேலே கூறப்பட்டது. சைவர்க்கு நோய் அதன் மறுதலை. பல பிறவிக் கொள்கை பொறுமையைக் கற்பித்தற்கு அமைந்தது. அதனைச் சைவர் சோம்பலுக்குப் போர்வையாக்கிக் கொண்டனர். "பக்குவம் வந்தால் தானே அறிவான்" என்று சொல்லி, ஏழையின் பிள்ளைக்கு எழுத்தறிவியாதிருந்தனர். "அவன் வினை" என்று சொல்லி, வாசலில் வீழ்ந்து கிடந்த நோயாளியைக் கடந்து பூசைக்குச் சென்றனர். இறைவன் உயிர்க்குப் பக்குவம் வருவிக்கும் வாயில்கள் கல்வியும் இரக்கமும் நல்லாரிணக்கமும் என்பதை மறந்து, அவ்வாயில்களைத் தாமே அடைத்துவிட்டுப் பக்குவத்தை எதிர்நோக்கியிருத்தல், விதையாத நிலத்தின் கரையில் அறுவடைக்கு அரிவாள் தீட்டுதலையே ஒக்கும்.

இதனை முதலில் உணர்ந்தவர் ஆறுமுகநாவலர். அவர் வெசிலியன் பாதிரியாராகிய பேர்சிவலுடைய பாடசாலையிற் கற்று, அங்கேயே கற்பித்து, அவர்க்கு விவிலிய மொழிபெயர்ப்பிலுந் துணைநின்றவர். பாதிரிமாரின் வலிமை அவர் பணத்தில் மட்டும் இல்லை, அவர் முயற்சியிலும் இருக்கின்றதென்பதை அருகிருந்து கண்டனர். ஆகலின் வசைபாடுதலோடு நில்லாது, 1847-இன் இறுதியில் வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிற் பிரசங்கந் தொடங்கினர். 1848-இற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினர். அச்சியந்திரசாலை அமைத்து எளிய உரைநடையிற் சமய நூல்களையும் பாலபாடங்களையும் வெளியிட்டனர். 1854-இல் வந்த சைவதூஷணபரிகாரத்தில், பாதிரிமார் இகழ்ந்த கிரியைகளுக்கு ஒப்பானவை அவர் விவிலியத்திலேயே உள்ளன என்று காட்டினர். 1872-இல் யாழ்ப்பாணச் சமயநிலை என்னும் பத்திரிகையிற் சைவருடைய குறைகளையே எடுத்துக் கடிந்தனர். அவர் வழியில் 1888-இற் சைவபரிபாலன சபையும், 1890-இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியும் எழுந்தன. அறிவிப்பாரை அறிவித்தலினாலேயே எதிர்கொள்ளல் வேண்டும் என்பதே நாவலர் வாழ்க்கை உரைக்கும் பாடம்.

ஆயினும், நாவலர் தொடாது விட்டதொன்று உண்டு. தம் காலத்துச் சாதிக்கட்டினை அவர் தகர்க்க முயன்றிலர். அக்கட்டே சைவத்தினின்றும் மக்கள் நீங்குதற்குத் திறந்த பெருவாயிலாயிற்று. தென்பாண்டி நாட்டில், 1897-இற் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலிற் புகுந்து வழிபட்ட நாடார் பெருமக்கள்மேல் வழக்குத் தொடுக்கப்பட்டது. அவ்வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908-இல் அவர்க்கு எதிராக முடிந்தது. கடல் கடந்து வந்து அம்மக்களை அழைத்தாரும் உளர். கடல் கடந்த நீதிமன்றத்தின் தீர்ப்பைக் கையிற்கொண்டு அம்மக்களைத் தடுத்தாரும் உளர். அழைத்தார் வேற்றுச் சமயத்தார். தடுத்தார் சிவனடியாரென்று தம்மைச் சொல்லிக்கொண்டார். மதுரை மீனாட்சியம்மை சந்நிதி 1939 ஜூலை 8-ஆம் நாள் வரையில் அவர்க்கும் அரிசன மக்களுக்கும் அடைபட்டே இருந்தது. யாழ்ப்பாணத்து மாவிட்டபுரத்தில் 1968-இலும் ஒடுக்கப்பட்ட மக்கள் முருகன் சந்நிதிக்கு வெளியே சத்தியாக்கிரகம் இருக்கவேண்டியதாயிற்று. திருநாளைப்போவாரை நாயன்மாருள் வைத்துக் கும்பிடுவோர், அவர் மரபினரை வாயிலில் நிறுத்தி வைத்த கொடுமைக்கு எந்த ஆகமத்தைச் சான்று காட்டுவர்?

"கிறித்தவரிடத்தும் சாதி இல்லையோ?" எனின், உண்டு. வடக்கன்குளத்துக் கத்தோலிக்கக் கோயிலில் சாதிக்கொரு பக்கமாகப் பிரித்த சுவர் 1910 வரையில் நின்றது. சமத்துவம் என்று அழைக்கப்பட்டுச் சென்றோர், அங்கும் சுவரையே கண்டனர். அது பாதிரிமார் விடைகூற வேண்டிய வழக்கு. அயலான் வீட்டிலும் குப்பை உண்டென்பதனால் தன் வீட்டுக் குப்பை மணம் பெறாது.

ஆகவே, இருதிறத்தார்க்கும் உரைகல் ஒன்றே. ஒரு கிறித்தவ அன்பர் பாடசாலையோ மருத்துவசாலையோ நடத்துவாராயின், அவர் தம்மையே வினவிக்கொள்க: "இதனால் ஒருவரும் என் சபையிற் சேரமாட்டார் என்று இன்றே திண்ணமாகத் தெரியின், நாளையும் இதனை நடத்துவேனோ?" ஆம் என்று அவர் நெஞ்சு விடைகூறின், அவரைச் சைவர் கைகூப்பி வரவேற்பர், அவர் தம் சமயத்தைச் சொல்லினும் செவிதாழ்த்துக் கேட்பர். இல்லையென்னின், 1855-இன் வட்டுக்கோட்டையை அவர் நினைக்க. ஒரு சைவ அன்பர் மதமாற்றத்தைக் கண்டிக்க எழுவாராயின், அவரும் தம்மையே வினவிக்கொள்க: "சென்றவன் நாளை திரும்பி வருவானாயின், அவனை என் கோயிலிலும் என் பந்தியிலும் என் பாடசாலையிலும் என்னோடு ஒப்ப இருத்துவேனோ?" ஆம் எனின், அவர் கண்டனம் நெறியுடையது. இல்லையெனின், அவர் இழந்ததற்கு வருந்துகின்றாரல்லர். ஏவலாள் குறைந்ததற்கே வருந்துகின்றார்.

சைவ நன்மக்கள் செய்யற்பாலன பல அல்ல. கோயிலின் வாயில் எல்லார்க்கும் ஒரு தன்மையாகத் திறந்திருத்தல் வேண்டும். திருமுறையும் சித்தாந்தமும் ஏழைப் பிள்ளைக்கும் விளங்கும் எளிய தமிழில், பொருள் வாங்காது கற்பிக்கப்படல் வேண்டும். நோயாளியின் நெற்றியில் நீறு உண்டோ இல்லையோ என்று பாராது மருந்து கொடுத்தல் வேண்டும். இவை நிகழுமாயின், சைவத்தை அறிவித்தற்குப் பெருமுழக்கம் வேண்டா, இவையே அறிவிப்பாம். இவை நிகழாவிடின், பாதிரிமாரைத் திட்டி எழுதும் ஆயிரம் கட்டுரைகளும், நீர் இறையாது பாழாக விட்ட கிணற்றின் கரையில் நின்று, அயலான் தண்ணீர்ப்பந்தலைப் பழித்தலாகவே முடியும்.

திருச்சிற்றம்பலம்